இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே

ஹெண்ட்ரே வென்,
அக்டோபர் 11, 1953

அன்புள்ள எம்ரிஸ் அண்ணா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தபாலாபீஸ் கடை லிசி அதைத் தேயிலைப் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். "இந்தப் பொட்டலத்த நீயே பிரிடி, அம்மா கைல குடுத்துடாத" என்று கண்ணடித்தாள். அங்கிருந்து வீடு வரும்வரை என் கால் தரையில் இல்லை. வழியில் அப்பா எதிரே வந்தார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர், "என்ன, பேயக் கண்ட மாதிரி வர்ற?" என்று கேட்டார். பள்ளியில் கணக்குப் பரீட்சை என்று சொல்லிவிட்டேன்.

இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் மழை ஆரம்பித்ததிலிருந்து முழங்கால் வலி. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? லிவர்பூல் புகையில் உனக்கு இருமல் வரவில்லையே?

போன வருடம் வைக்கோல் அறுப்பு நடுவில் நீ கிளம்பிப் போனபோது, கோபத்தில் குனிய மறந்து நடைவாசல் மேல்கட்டையில் தலையை இடித்துக்கொண்டாய். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் உன் பெயரைச் சொல்வதில்லை. "தச்சு வேல பழகப் போறேன்னு பாதி வயல்ல வுட்டுட்டுப் போனவன் பேரு இங்க எதுக்கு?" என்று அப்பா சொன்னது உனக்குத் தெரியாது. நீ போன பிறகு என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்: "படிச்சாலே ஊர வுட்டு ஓடுற புத்திதான் வருது. அவன்கூட உனக்கு ஏதாவது பேச்சுவார்த்தை இருக்குன்னு தெரிஞ்சா, அன்னிக்கே பள்ளிக்கூடம் நின்னுடும்." அப்பா சொன்னால் செய்வார். அதனால்தான் இதைப் பரணில், உன் பழைய கட்டிலில், மெழுகுவர்த்தியைப் பால் சட்டிக்குள் மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மாலை வகுப்பில் உனக்கு நன்றாகத் தெரிந்த வீட்டை வரையச் சொன்னார்கள் என்றும், பென்சிலைப் பிடித்தபிறகுதான் நம் வீடு உனக்குத் தெரியவில்லை என்று புரிந்ததாகவும் எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நானே கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். எனக்கும் தெரியவில்லை, அண்ணா. பிறந்ததிலிருந்து இதற்குள்தான் இருக்கிறேன்.

அளந்து அனுப்புகிறேன். அப்பாவும் அம்மாவும் கணப்புக்குப் பின்னறையில் தூங்கியபிறகு இறங்கி வருவேன். அம்மா இரவில் நெருப்பைச் சாம்பலால் மூடி வைப்பாள் அல்லவா, அதை ஓரத்தில் கொஞ்சம் விலக்கினால் அளவு நாடா தெரியும் அளவுக்கு வெளிச்சம் வருகிறது. அடுக்களையின் நீள அகலம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கணப்பின் மேல்கட்டை ஒரே மரம். நான் இரண்டு கையையும் விரித்தும் அதில் பாதிகூட வரவில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

உன் தங்கை,
எலினெட்


லிவர்பூல்,
அக்டோபர் 27, 1953

அன்புத் தங்கை எலினுக்கு,

நீயும் அங்குள்ள மற்றவர்களும் சுகமாக இருக்க வேண்டும். நான் குதிரை மாதிரி இருக்கிறேன். இருமல் இல்லை. வீட்டுக்காரம்மா நம் பக்கத்துப் பாலாவில் பிறந்தவள் என்பதால் சனிக்கிழமை தோறும் லீக் தண்டு போட்டுக் கவுல் சூப் காய்ச்சுகிறாள். அம்மாவுடையதில் கால்வாசி ருசி வரும்.

உன் அளவுகளை வைத்து வரைந்தேன். நீ தேர்ந்த ஆளடி! ஆனால் ஒன்று இடிக்கிறது. தெற்குச் சுவரில் இரண்டு ஜன்னல்கள். அவற்றுக்கு நடுவே அவ்வளவு பெரிய வெற்றுச் சுவர் எதற்கு? அங்கே ஒரு ஜன்னலை வைத்திருந்தால் அம்மா மாவு பிசைகிற பலகைக்கு நேராக வெளிச்சம் விழுந்திருக்கும். கட்டியவன் முட்டாளாக இருக்க முடியாது. முட்டாள் கட்டிய வீடு முந்நூறு வருடம் நிற்காது.

இன்னொன்று. நான் அந்தப் பரணில் பதினெட்டு வருடம் படுத்தவன். படுக்கையின் இரண்டு பக்கமும் சுவரிலிருந்து ஒரு பெரிய வளைந்த மரம் எழும்பி முகட்டில் போய்ச் சேரும். அதில் தலையணை சாய்த்துத்தான் தூங்குவேன். அது கீழே எங்கே போகிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. நீ பார்த்துச் சொல். அந்த வெற்றுச் சுவரைத் தட்டியும் பார். கல் ஒரு சத்தம் தரும், மரம் வேறு சத்தம் தரும்.

சத்தம் கேட்டு யாராவது எழுந்தால் எலி என்று சொல்லிவிடு.

எம்ரிஸ்


ஹெண்ட்ரே வென்,
நவம்பர் 15, 1953

அன்புள்ள அண்ணா,

நீ சுகம் என்று அறிந்து சந்தோஷம். அம்மாவின் முழங்கால் தேவலை. எனக்குத்தான் தூக்கம் போதாமல் சேப்பலில் பிரசங்கத்தின் நடுவே தலை தொங்கிவிட்டது. அப்பா முழங்கையால் இடித்தார்.

தட்டிப் பார்த்தேன். மரக்கரண்டியில் துணி சுற்றிக்கொண்டு தட்டினேன். ஜன்னல் பக்கமெல்லாம் செத்த சத்தம். இரண்டு ஜன்னலுக்கும் நடுவே தட்டியதும், கதவைத் தட்டினால் உள்ளே யாரோ இருப்பது போல் ஒரு சத்தம் வந்தது. அண்ணா, அந்தச் சுவருக்குள் மரம் நிற்கிறது. பரணில் தெரிவது அதன் மேல்பாதி. கீழ்ப்பாதியைச் சுண்ணாம்பும் அம்மா ஒட்டிய பூப்போட்ட காகிதமும் மூடியிருக்கின்றன.

இதைவிட ஒன்று இருக்கிறது. பரணில் படுத்துக்கொண்டு வலப்பக்கத்து மரத்தைத் தடவிப் பார்த்தேன். என் தோள் உயரத்தில் ஒரு கணு, ஒரு முட்டையை அழுத்தி வைத்த மாதிரி. இடப்பக்கம் போனேன். அங்கேயும் அதே உயரத்தில் அதே முட்டை. அதற்கு மேலே ஒரு சின்ன வெடிப்பு. அங்கேயும் அதே வெடிப்பு, திரும்பிப் பார்த்தபடி. கண்ணாடியில் பார்ப்பது போல! இரண்டும் ஒரே மரம், அண்ணா. வளைந்த ஒரு ஓக் மரத்தைத் தேடிப் பிடித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் எதிரெதிரே நிறுத்தி மறுபடி உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு ஆணிகூட இல்லை. மரமுளைதான் அடித்திருக்கிறார்கள். நான் எவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பயம்கூட மறந்துவிட்டது.

பயம் திரும்பி வந்தது. புதன்கிழமை நான் நாடாவோடு அடுக்களையில் இருந்தபோது பின்னறைக் கதவு திறந்தது. கணப்புக்குள் ஓரமாக இருக்கிற கல் இருக்கையில் ஏறி இருட்டில் ஒடுங்கிக்கொண்டேன். அப்பா வந்தார். நம் பசு செரன் கன்று போடும் நாள் நெருங்குகிறது. அவர் நெருப்பைக் கிளறிவிட்டு, நடைக் கதவையும் அதற்கு அப்பால் தொழுவத்துக் கதவையும் அகலமாகத் திறந்து வைத்தார். "பாரு தாயி, நெருப்பு இருக்கு. நல்லாப் பாரு. நெருப்பப் பாத்துக்கிட்டே இருந்தாத்தான் பால் இறங்கும்" என்று அதனிடம் பேசினார். என்னிடம் அப்படி ஒரு குரலில் அவர் பேசியதே இல்லை.

திரும்பும்போது நடைவாசல் ஆணியில் தொங்குகிற உன் பழைய கோட்டின் முன்னால் நின்றார். அதை யாரும் எடுக்கவில்லை. அதன் தோளை இரண்டு தடவை தட்டினார். தூசி இருந்திருக்கும்.

ஒரு விஷயம் புரியவில்லை. அளவு நாடாவைத் தையல் பெட்டியிலிருந்து திருடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அது தினமும் இரவு மேசைமேலேயே இருக்கிறது. பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டும் இருக்கிறது. அம்மாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது போலிருக்கிறது.

வகுப்பில் என்ன மதிப்பெண் வந்தது என்று எழுது.

எலினெட்


லிவர்பூல்,
டிசம்பர் 6, 1953

அன்புத் தங்கைக்கு,

பனி கொட்டுகிற காலம். காதை மூடிக்கொண்டு பள்ளிக்குப் போ. நான் நலமே.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தக் கணுவைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதைப் பட்டறையில் என் மேஸ்திரியிடம் சொன்னேன். "கூரைக்கவைடா அது! உங்க வீட்டுலயா? இத மொதல்லயே சொல்ல மாட்டியா? நாங்க இங்க செங்கல்லத் தூக்கிக்கிட்டு அழறோம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எலின், நன்றாகக் கேட்டுக்கொள். நம் வீட்டைச் சுவர்கள் தாங்கவில்லை. கூரையின் முழுப் பாரமும், அத்தனை கற்பலகை ஓடும், விட்டமும் கைமரமும், அந்தக் கவைமரத்தின் இரண்டு காலில் இறங்குகிறது. சுவர் குளிருக்குப் போர்த்திய போர்வை. நாளைக்கே சுவரை எல்லாம் எடுத்துவிட்டாலும் கூரை தனியாக நிற்கும். முதலில் மரத்தை நிறுத்தி, கூரை வேய்ந்துவிட்டு, பிறகுதான் மழைக்கு நனையாமல் உள்ளே நின்றுகொண்டு சுவர் எழுப்பியிருப்பார்கள். எப்படிப்பட்ட ஆட்கள்! ஜன்னல்களுக்கு நடுவே ஏன் வெற்றுச் சுவர் என்று இப்போது தெரிகிறதா? அங்கே மரத்தின் கால் இருக்கிறது. கவையைத் தவிர்த்துத்தான் ஜன்னல் வைத்திருக்கிறார்கள். நாம் பார்க்கத் தெரியாமல் முட்டாள் என்று திட்டினோம். நான்தான் திட்டினேன், நீ இல்லை.

வரைபடத்தின் நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று. தொழுவத்தின் பக்கம் தரை சரிவது, மாட்டு மூத்திரம் வீட்டுப் பக்கம் வராமல் ஓடுவது, எல்லாம் வரைந்திருக்கிறேன். பால் அறை ஜன்னலை மட்டும் ஞாபகத்தில் வரைந்தேன்.

என் கோட்டைப் பற்றி நீ எழுதியதை...

கணப்புக்குப் பக்கத்தில் சுழன்று ஏறுகிற கல் படிக்கட்டு இருக்கிறதே, அதன் நடுத்தூண் ஒரே கல்லா, பல கல்லா? அளந்து எழுது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

எம்ரிஸ்


ஹெண்ட்ரே வென்,
ஜனவரி 17, 1954

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டில் உனக்கு எல்லா நலமும் வரட்டும். வருடப்பிறப்பன்று பிள்ளைகள் ஆப்பிளில் குச்சி செருகிக்கொண்டு வீடு வீடாகப் பாட வந்தார்கள். அம்மா எல்லோருக்கும் காசு கொடுத்தாள். செரன் பெண் கன்று போட்டது.

வரைபடம் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. விளக்கை ஊதிவிட்டு அதன்மேல் படுக்கும்போது, அந்தக் காகிதத்தில் இருக்கிற மரம்தான் தலைக்கு மேலேயும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். படிக்கட்டின் தூண் பல கல். ஒவ்வொரு படியும் தன் நுனியைத் தானே தூணாகக் கொடுத்திருக்கிறது. மதிப்பெண் பற்றிக் கேட்டிருந்தேன், நீ எழுதவில்லை. சரி.

இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது. பால் பரிசோதகர் வந்தார். நடையில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் மாட்டையும் அந்தப் பக்கம் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஸ்டர் ப்யூ, மாடும் மனுஷனும் ஒரே வாசல்ல வர்றீங்களா?"

"மாடு மொதல்ல வரும். நாங்க வழி விடுவோம்" என்றார் அப்பா.

அவர் சிரிக்கவில்லை. நடைக்கும் அடுக்களைக்கும் இடையிலுள்ள கதவை அடைத்துச் சுவர் எழுப்ப வேண்டும், வீட்டுக்குத் தனி வாசல் வைக்க வேண்டும், வசந்தத்துக்குள் முடிக்காவிட்டால் பால் விற்க உரிமம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். பால் இல்லாவிட்டால் நமக்கு என்ன இருக்கிறது? அப்பா அன்று முழுக்க மாடுகளோடே நின்றார். சாப்பிடும்போது, "செவுத்த எழுப்பிட்டா மாடு நெருப்ப எப்படிப் பாக்கும்?" என்றார். அம்மா தட்டில் கவுலை ஊற்றிவிட்டு அவர் தோளில் கை வைத்தாள்.

எலினெட்


ஹெண்ட்ரே வென்,
பிப்ரவரி 14, 1954

அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? லிசி ஒவ்வொரு வாரமும் தலையை ஆட்டுகிறாள். வெறும் தேயிலைதான் வாங்கி வருகிறேன்.

இதை அவசரமாக எழுதுகிறேன். அப்பா டவுனிலிருந்து கொத்தனார் ப்ரோசரை வரவழைத்தார். அவர் செங்கல் வீடு கட்டுகிறவர். தெற்குச் சுவரைப் பார்த்துவிட்டு, "அட, வாசலுக்குன்னே விட்டு வெச்ச மாதிரி எடம் இருக்கே! ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல, ஒரு கல்லுகூட வீணாகாது" என்று கரித்துண்டால் சுவரில் வாசல் வரைந்தார். அம்மாவின் பூக்காகிதத்தின் மேலேயே. அப்பாவும் சரி என்றுவிட்டார்.

அந்த வாசலின் நடுவில் மரத்தின் கால் நிற்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வேன்? உன் பெயரைச் சொன்னால் பள்ளிக்கூடம் போய்விடும். சொல்லாவிட்டால் வீடு போய்விடும். மரத்தைக் கண்டதும் ப்ரோசரே நிறுத்திவிடுவார் என்று நினைத்துக்கொள்கிறேன். நிறுத்திவிடுவார் அல்லவா? நீ அப்பாவுக்கு நேராக ஒரு கடிதம் போட முடியாதா?

சீக்கிரம் எழுது.

எலினெட்


ஹெண்ட்ரே வென்,
பிப்ரவரி 27, 1954

அண்ணா,

நீ நலமா, எங்கே இருக்கிறாய் என்றே தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

நேற்று பள்ளியிலிருந்து வந்தபோதே நடையில் ரம்பச் சத்தம் கேட்டது. ஓடினேன். பூக்காகிதம் தரையில் கிடந்தது. பூச்சு உதிர்ந்து, சுவருக்குள் அந்த மரம் நின்றது. கறுப்பாக, என்னைவிட அகலமாக. அத்தனை வருடம் கழித்து அதன் மேல் முதல் தடவையாக வெளிச்சம் விழுந்திருக்கும். ப்ரோசர் அதன் காலில் ரம்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். "யாரோ கல்லு பத்தாம கட்டையச் சொருகியிருக்கான். கட்டையா இது, இரும்பு! என் ரம்பத்துக்குப் பல்லே போச்சு" என்று சிரித்தார். ரம்பம் ஒரு கை ஆழம் போயிருந்தது. அம்மா பலகையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பரணிலிருந்து பொடிப் பொடியாகப் புழுதி அந்த மாவின் மேல் விழுந்தது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"வெட்டாதீங்க! கூரை அதுமேலதான் நிக்குது!" என்று கத்திவிட்டேன்.

ப்ரோசர் நிமிர்ந்தார். "கூரை செவுத்து மேல நிக்கும் பாப்பா. ஒலகத்துல எல்லாக் கூரையும் அப்படித்தான்."

"இந்த வீட்டுல இல்ல."

"யாரு சொன்னா?" என்றார் அப்பா.

பள்ளியில் ஆசிரியர் சொன்னார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பொய் தயாராகவே இருந்தது, இரண்டு வாரமாக அதை ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் ஆசிரியர் சொன்னதாகச் சொன்னால் அப்பா கேட்பாரா? நம் வீட்டை அவர் எங்கே பார்த்தார்? அந்த மரத்தில் முதுகை வைத்துப் பதினெட்டு வருடம் தூங்கியவன் சொன்னால்தானே கேட்பார்?

"எம்ரிஸ் அண்ணன் சொன்னான்."

ப்ரோசருக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த எம்ரிஸ்?" என்று கேட்டார்.

அம்மா மாவிலிருந்து கையை எடுக்காமலே, "எங்க மகன் எம்ரிஸ். தச்சன். லிவர்பூல்ல இருக்கான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "போய் எடுத்துட்டு வாடி, மெத்தைக்கு அடியில இருக்கறத" என்றாள்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அண்ணா. முதல் நாளிலிருந்தே.

அப்பா உன் வரைபடத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு படிக்கட்டில் ஏறினார். பரணில் அவர் முழங்காலிட்டு நகர்கிற சத்தம் மேலே கேட்டது, ஒரு பக்கம், பிறகு மறு பக்கம். இறங்கி வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை.

"ரம்பத்த வெளிய எடு" என்றார்.

"மிஸ்டர் ப்யூ, நான் கட்டின வீடெல்லாம் செவுத்துல நிக்குது. உங்களது மட்டும் ஒரு குச்சியில தொங்குதுங்கறீங்களா?"

"தொங்கல. நிக்குது. எடுய்யா வெளிய."

ரம்பத்தை எடுத்தபிறகு வாசலை எங்கே வைப்பது என்று ப்ரோசர் கேட்டார். நான்தான் சொன்னேன், ஜன்னல்களில் ஒன்றை வாசலாக்கலாம், அங்கே மரம் இல்லை என்று. அப்பா என் பக்கம் திரும்பவில்லை. வரைபடத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்குப் போவேனா என்று தெரியாது.

எலினெட்


லிவர்பூல்,
மார்ச் 4, 1954

என் கண்ணான எலினுக்கு,

உன் மூன்று கடிதமும் ஒன்றாக இன்று கைக்கு வந்தன. நான் ஜனவரியிலேயே விடுதி மாறிவிட்டேன். புது முகவரியை உனக்கு எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது சொல்லிவிடுகிறேன். மாலை வகுப்பு கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிட்டது. நம் வீட்டுக்கு முதல் மதிப்பெண் கொடுத்தார்கள். அதைச் சொன்னால் நீ அளப்பதை நிறுத்திவிடுவாய். அதனால் சொல்லாமல், படிக்கட்டை அளக்கச் சொன்னேன். பிறகு, ஒரு சின்னப் பெண்ணைக் குளிரில் இறக்கிவிட்டு நான் வீட்டைப் பற்றிப் படித்துச் சுகம் தேடுகிறேனே என்று வெட்கமாகி, எழுதுவதையே விட்டேன். அப்போது பார்த்து உனக்கு இப்படி நேர்ந்திருக்கிறது.

வெட்டுப்பட்ட காலுக்குப் பக்கத்தில் உடனே முட்டுக் கொடுக்கச் சொல். இதை யார் சொன்னது என்று கேட்டால், சொல். இனி மறைக்க என்ன இருக்கிறது?

உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால் எனக்கு எழுது. நான் வந்து வாசலில் நிற்பேன். உள்ளே விடாவிட்டாலும் நிற்பேன்.

எம்ரிஸ்


லிவர்பூல்,
ஏப்ரல் 8, 1954

எலின்,

ஒரு மாதமாகிறது. நீங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்களா என்று ஒரு வரி போதும். ராத்திரி காற்று வீசினால் கூரை இறங்குவது போலக் கனவு வருகிறது. அம்மாவின் முழங்கால் எப்படி? அப்பா எப்படி?

எம்ரிஸ்


ஹெண்ட்ரே வென்,
ஏப்ரல் 25, 1954

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகமாக இருக்கிறோம், கூரை உள்பட. இந்தக் கடிதத்தைப் பகலில், அடுக்களை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா எதிரே உருளைக்கிழங்கு சீவுகிறாள். உன் கடைசிக் கடிதத்தில் "அப்பா எப்படி" என்று இருந்ததை அவளுக்கு மறுபடியும் படித்துக்காட்டச் சொன்னாள். நீ போனதிலிருந்து அதை நீ கேட்டதில்லை.

பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை காலை நான் கட்டிலை விட்டு எழவே இல்லை. அப்பா படிக்கட்டடியில் நின்று, "பஸ்ஸு உனக்காக நிக்குமா?" என்று கத்தினார். அவ்வளவுதான் பேச்சு. முட்டு அதற்கு முன்பே கொடுத்திருந்தார். நீ சொல்வதற்கு முன்பே, இரண்டு பெரிய கட்டைகள்.

தெற்குச் சுவரின் இரண்டு ஜன்னலில் கிழக்கே இருந்தது இப்போது வாசலாகிவிட்டது. அதன் மேல்கட்டையை அப்பா பழைய வாசல் உயரத்திலேயே வைக்கச் சொன்னார். ப்ரோசர், "புதுசா வெக்கறப்ப ஒரு முழம் ஒசத்தி வெச்சா யாரும் மண்டைய ஒடச்சிக்க மாட்டாங்கல்ல? உயரத்துக்குக் காசு கேக்க மாட்டேன்" என்றார். அப்பா, "ஹெண்ட்ரேக்குள்ள குனிஞ்சுதான் வரணும்" என்றார். உன் கோட்டை ஆணியோடு பிடுங்கிக் கொண்டுவந்து புது வாசல் பக்கத்தில் அடித்திருக்கிறார்.

உனக்கு நான் ஏன் பதில் போடவில்லை என்றால், அப்பா போட வேண்டாம் என்றார். "நானே எழுதறேன்" என்றார். ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறார், அண்ணா! ஞாயிற்றுக்கிழமை சேப்பல் விட்டு வந்ததும் உட்காருவார். ஆட்டுச் சந்தைக்குத் தவிர அவர் கடிதமே எழுதியதில்லையாம். இன்னும் முடியவில்லை. நீ கவலைப்படுவாயே என்று நான் இதைத் தனியாக அனுப்புகிறேன்.

லிசி என்னிடம் இப்போது கடிதத்தைக் கையிலேயே கொடுக்கிறாள். "ச்சே, ருசியே போச்சுடி" என்கிறாள்.

எலினெட்


ஹெண்ட்ரே வென்,
மே 9, 1954

எம்ரிஸுக்கு,

நீ தேகநலத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. ஆட்டுக்குட்டிகள் இந்த வருடம் நன்றாகப் பிழைத்தன.

உன் வரைபடம் என்னிடம் இருக்கிறது. சரியாக இருக்கிறது. பால் அறை ஜன்னல் மட்டும் தப்பு. அது வடக்கே இன்னும் தள்ளி இருக்கிறது. இத்தனை வருடம் இந்தக் கூரைக்கடியில் தூங்கியிருக்கிறேன். எது தாங்குகிறது என்று நான் கேட்டதில்லை. என் அப்பாவும் கேட்டதில்லை. பரணில் அந்த இரண்டு கணுவையும் நானே தொட்டுப் பார்த்தேன். கட்டியவர்கள் நல்ல ஆட்கள்.

நடைக் கதவை அடைத்துவிட்டேன். சட்டம் என்றால் சட்டம். ஆனால் செரன் பத்து நாள் பாலை இறக்கவில்லை. ஆகவே மாட்டின் கண் உயரத்துக்குச் சுவரில் ஒரு கல்லை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தேன். பரிசோதகர் வந்து இது என்ன என்று கேட்டார். இதன் வழியே மூச்சு போகாது, காற்று போகாது, நெருப்பு மட்டும் தெரியும், அதற்கு எந்தச் சட்டம் தடை என்று கேட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. மாடு இப்போது நன்றாகக் கறக்கிறது.

வெட்டுப்பட்ட கால் அப்படியே இருக்கிறது. முட்டு தாங்குகிறது, ஆனால் குளிர்காலப் பனிக்குத் தாங்காது. ப்ரோசர் இரும்புப் பட்டை போட்டுவிடலாம் என்கிறான். அந்த மரத்தில் முந்நூறு வருடமாக இரும்பு இல்லை. நான் போடவிட மாட்டேன். நம் மேட்டுக் காட்டில் விழுந்த ஓக்கிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். சரியான வளைவு. அதைப் பழைய மரத்தோடு பொருத்தி மரமுளை அடிக்க இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. நீ தச்சன் என்று உன் அம்மா சொல்கிறாள்.

வைக்கோல் அறுப்பு ஜூலையில். அதற்குள் மரவேலை முடிந்தால் நல்லது. அறுப்புக்கும் இருந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிறகு லிவர்பூலில் உனக்கு வேலை இருந்தால் போ.

வாசல் இப்போது தெற்கே இருக்கிறது. உயரம் பழைய உயரம்தான். வரும்போது தலையைக் குனி.

உன் தகப்பன்,
ஹியூ ப்யூ